பெயின்ட்டில் விழுந்த குழிகள்

மல்லசமுத்திரம் பக்கம் கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனியில் இலக்கியாதான் கெமிஸ்ட். மூன்று வாரமாகப் பெயின்ட்டில் ஊசிமுனைக் குழிகள் விழுந்துகொண்டே இருந்தன. எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகிக்கொள்ளும். தலையில் எண்ணெய் வழிய வருகிறார் என்று பெயின்டர் அங்கமுத்துவைக் கைகாட்டினாள். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். குழிகள் மட்டும் நிற்கவில்லை.

பெயின்ட் கரைக்கும் தின்னர் பட்டு வெடித்த கைக்குத் தான் தினமும் பூசும் கிரீமை இன்று சோதனைத் தகட்டில் தொட்டுவைத்துப் பெயின்ட் அடித்தாள். அதே குழிகள். கிரீமில் சிலிக்கோன் எண்ணெய். கிளவுஸ் போட்டால் சொரசொரப்பு தெரியாதென்று, ஒவ்வொரு பம்பரையும் அந்த வெறுங்கையால்தான் தடவிப் பார்த்துப் பெயின்ட் அடிக்க அனுப்பியிருந்தாள்.

சொன்னால் தன் வேலை போய்விடும். வெளியே வந்தாள். கேட்டருகே அங்கமுத்து மொட்டைத் தலையோடு நின்றிருந்தார்.

"இனி எண்ணெ வெக்கறதுக்கு முடியே இல்லீங்க சாமி. வேலைக்கு வரட்டுங்களா?"