பால் வாங்கப் போகும் நாய்

1996 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். கேட்டில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக் காய்ச்சி, ஒரு டம்ளர் காபி குடித்தேன். தூறல் விடாததால் துவைத்த துணியை உள்ளறையில் உலர்த்தினேன். ரேடியோவில் செய்தி முடிந்ததும் ரயில்வே ஒர்க் ஷாப்புக்குக் கிளம்பினேன்.

நாய் போர்டிகோவில் கேட்டைப் பார்த்தபடி படுத்திருந்தது. தட்டில் முந்தின இரவு வைத்த தயிர்சாதம் அப்படியே இருந்தது. ஏப்ரலில் என் மனைவி இறந்ததிலிருந்து பெரும்பாலான நாள் இதே கதைதான். கால்நடை டாக்டர் உடம்பில் ஒன்றுமில்லை என்றார். பந்து வாங்கிப் போட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. மாலையில் நடக்கக் கூப்பிட்டாலும் தெருமுனைவரை வந்துவிட்டுத் திரும்பிவிடும்.

அன்று மாலை பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். நஞ்சன்கூடு பக்கம் தெரிந்தவர் தோட்டம் இருக்கிறதாம், அங்கே வேறு நாய்களும் உண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்து நாயைக் கூட்டிப்போவார்கள் என்றாள். நானும் சரி என்றேன். போனை வைத்தபிறகு வெளியே நாயின் சங்கிலி ஒருமுறை உரசியது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தச் சத்தமும் இருக்காது.

சற்று நேரத்தில் எதிர்வீட்டு அம்மாள் வாங்கிப்போன குக்கரைத் திருப்பித்தர வந்தார். என் மனைவிக்கு நெருக்கமானவர். தோட்டத்து விஷயத்தைச் சொன்னேன். தட்டையும் நாயையும் பார்த்தார்.

"ஏன் அண்ணா, அதோட வேலையைப் பிடுங்கிட்டு சும்மா கிடன்னா எப்படிக் கிடக்கும்?"

எனக்குப் புரியவில்லை. மனைவி இருந்தவரை எனக்குக் காலை ஷிப்ட், விடியுமுன்பே கிளம்பிவிடுவேன். அதன்பிறகு அவளும் நாயும் பால் பூத்துக்குப் போவார்களாம். திரும்பும்போது பையை நாய்தான் கவ்விக்கொண்டு வருமாம். வீட்டுக்கு வந்து பையை இறக்கினால்தான் அதற்குச் சாப்பாடு. நானோ அவள் போனதும் பொது ஷிப்டுக்கு மாறி, பாலைக் கேட்டிலேயே போடச் சொல்லிவிட்டேன். ஒரு வேலை மிச்சம் என்றுதான் நினைத்தேன்.

"ரிட்டையர் பண்ணி உக்கார வெச்சுட்டீங்க. ஒரு மாலைகூடப் போடல."

என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்று கேட்டேன்.

"கன்னடந்தான். மார்க்கெட்டுக்கும் நாய்க்கும் அவளுக்குக் கன்னடம், உங்களுக்கு மட்டுந்தானே தமிழ். 'பாரோ மரி, ஹாலு தரோண'ம்பா. வாடா குட்டி, பால் வாங்கலாம்னு."

எங்கள் வீட்டில் தினமும் சொல்லப்பட்ட வார்த்தைகள். நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் போனபின் கூடத்தில் நின்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். என் கன்னடம் எப்போதும் ஆபீஸ் கன்னடம். போர்டிகோவில் நாய் தலையைத் தூக்கியது.

பால்காரர் வீட்டுக்குப் போய் நாளையிலிருந்து வேண்டாம் என்றேன். மகளிடம் காலைக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் எழுந்ததும், காபிக்கு முன்பே, ஆணியில் மாட்டியிருந்த அவளுடைய துணிப்பையை எடுத்துக்கொண்டு போர்டிகோவுக்கு வந்தேன். சங்கிலியை அவிழ்த்துவிட்டு அந்த வார்த்தைகளைச் சொன்னேன். நாய் எழுந்து வந்து பையின் பிடியை முகர்ந்தது, வாயில் கவ்விக்கொண்டது. கேட்டைத் திறந்தேன். அது போகாமல், இன்னும் ஒருவர் வரவேண்டும் என்பதுபோல எனக்குப் பின்னால் கதவையே பார்த்து நின்றது. நான் கதவைப் பூட்டினேன். பிறகு அது முன்னே நடந்தது.