முகூர்த்தத்துக்கு சார்ஜ் ஏற்றினோம்

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பத்திரிகை வைக்கவில்லை. பெண் வீட்டாரைத் தெரியாது, மாப்பிள்ளை வீட்டாரையும் தெரியாது. ஆனாலும் எனக்கு முதல் பந்தியில் நடு இலை!

எப்படி என்கிறீர்களா? எல்லாம் என் பேட்டரி ரம்பத்தின் தயவு.

மரம் அறுக்கிற மெஷின் என்றாலே நம் பக்கத்தில் பெட்ரோல் மெஷின்தான். கயிற்றை இழு, இழு, இன்னும் இழு... அப்புறம் புகை, அப்புறம் காது கிழியும் சத்தம். ஐம்பதைத் தாண்டிய என் தோள்பட்டை அதற்கெல்லாம் சம்மதிக்கவில்லை. அதனால் பேட்டரியில் ஓடும் ரம்பம் ஒன்று வாங்கினேன். பட்டனை அழுத்தினால் ஓடும், விட்டால் நின்றுவிடும். புகையே கிடையாது. இந்தப் பெருமையை நான் பேசாத வீடு திண்டிவனத்தில் பாக்கியில்லை.

மயிலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் முந்திரித் தோப்பு உண்டு. முந்தின நாள் மழையும் காற்றும் புரட்டி எடுத்ததில் கிளைகள் முறிந்திருக்குமே என்று, ரம்பத்தைக் காரில் போட்டுக்கொண்டு காலையிலேயே கிளம்பினேன். கூட்டேரிப்பட்டில் திரும்பிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன் — ரோட்டை அடைத்துக்கொண்டு புளியமரத்தில் பாதி ஒடிந்து கிடந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் வயல்.

மரத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வேன். அதன் பின்னால் ஒரு மினி லாரி. கரண்ட் இல்லாத மண்டபத்துக்கு அதில் ஜெனரேட்டர் போய்க்கொண்டிருந்தது. பத்தரைக்குள் முகூர்த்தம். மணியோ எட்டே முக்கால்!

மரம் அறுக்க வந்திருந்த ஏழுமலை தன் பெட்ரோல் மெஷினின் கயிற்றை இழுத்து இழுத்து வியர்த்துப்போயிருந்தார்.

"மழையில நனைஞ்சிட்சிங்க. ஸ்டார்ட்டே ஆவ மாட்டேங்குது. ஒரே பேஜாரு!"

வேன் வாசலில் கல்யாணப்பெண் சுமதிக்கும் அவள் தாய்மாமனுக்கும் வாக்குவாதம்.

"நீ மட்டும் ஏறித் தாண்டிடும்மா. அந்தாண்ட மாப்பிள்ளை வூட்டு பைக்கு வந்துகினு இருக்குது."

"அம்மா?"

"அம்மா பின்னாடி வருவாங்க."

"எப்ப மாமா? என் வளைகாப்புக்கா?"

அவள் அம்மாவுக்குப் பாதத்திலிருந்து முழங்கால்வரை மாவுக்கட்டு. முன் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்தக் கிளைக்காட்டுக்குள் அவரை யார் தூக்கிப்போவது?

"நீ போ கண்ணு. நேரம் போவுது. நான் வராட்டி இன்னா?" என்றார். குரல்தான் தைரியமாக இருந்தது. கண் வேறு ஏதோ சொன்னது.

"நீ இல்லாம நான் மணையில உக்கார மாட்டேன்" என்றாள் சுமதி.

அதற்கு மேல் எனக்குக் கார் சீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ரம்பத்தோடு இறங்கினேன்.

ஏழுமலை அதை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாங்க இது, மிக்ஸி மாதிரி கீது?"

மிக்ஸி வேலையைக் காட்டியது! "புகையே கிடையாது" என்று ஏழுமலையிடமும் பெருமை பேசிக்கொண்டே சின்னக் கிளைகளை நான் அறுத்தேன். கை வலித்தபோது அவர் வாங்கி அறுத்தார். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அத்தை, சித்தி எல்லாரும் கிளைகளை ஓரத்துக்கு இழுத்தார்கள். கழுத்து நிறைய நகையோடு கல்யாணப்பெண்ணும் ஒரு கிளையைப் பிடித்து இழுத்தாள். "மாலையை எடுத்துட்டு இழும்மா!" என்று யாரோ கத்தினார்கள். அவளை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியாக இரண்டே இரண்டு தடித்த கிளைகள். முதல் கிளை விழுந்தது. இரண்டாவதில் பாதி தூரம் போன ரம்பம்... நின்றுவிட்டது. பேட்டரி காலி. வீட்டில் இருக்கும் இன்னொரு பேட்டரியும் காலி. கரண்ட் இருந்தால்தானே சார்ஜ் ஏறும்?

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மரத்தைப் பார்த்தேன்.

அப்போதுதான் சுமதி கேட்டாள்: "யக்கா, சார்ஜர் வச்சிருக்கீங்களா?" அவள் விரல் மினி லாரியைக் காட்டியது.

அடடா! காரில் ரம்பத்தின் பெட்டிக்குள்ளேயே கிடந்த சார்ஜரை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஜெனரேட்டர் 'டபடப'வென்று கிளம்பியது. கரும்புகை எழுந்து நேராக என் மூக்குக்குள் வந்தது. ஏழுமலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கடைசீல எங்க டீசலாண்டதான வந்தீங்க!"

பதிலுக்கு இருமினேன்.

சார்ஜரில் ஒரு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி நின்ற கூட்டம் கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்ப்பதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. மாமா கடிகாரத்தையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். சீர்த்தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை உரித்து என் கையில் திணித்தார் ஒரு அத்தை. மரத்துக்கு அந்தப் பக்கம் வந்து சேர்ந்த மாப்பிள்ளையின் தம்பி, "எத்தினி பர்சென்ட் ஆச்சி?" என்று இலைகளுக்கு நடுவிலிருந்து கத்தினான்.

ஒன்று தோன்றியது எனக்கு. நாம் சுத்தம் என்று பெருமை பேசுகிற எத்தனையோ சமாச்சாரத்தின் ஒயர், நாம் எட்டிப்பார்க்காத ஏதோ ஒரு புகைக்குள்தானே செருகியிருக்கிறது? வீட்டு பிளக்கில் செருகினால் புகை கண்ணில் படுவதில்லை. அவ்வளவுதான். அதற்காக ரம்பத்தை விற்றுவிடப்போகிறேனா? சேச்சே! இனி கொஞ்சம் குரலைத் தாழ்த்திப் பெருமை பேசுவேன்.

பாதி சார்ஜ்கூட ஏறவில்லை. "போதும், ஜல்தி!" என்றார் மாமா. ஏழுமலை ரம்பத்தை வாங்கினார். ஸ்ர்ர்ர்... மடார்! கிளை விழுந்தது. ஆண்கள் எல்லாரும் சேர்ந்து உருட்டித் தள்ளினார்கள். வேன் உரசிக்கொண்டு நுழைந்தது. முன் சீட்டிலிருந்து அந்த அம்மா இரண்டு கையையும் வெளியே நீட்டி எங்களைக் கும்பிட்டார். வேன் பின்னாலேயே விடச்சொல்லி மாமா என் காரில் ஏறிக்கொண்டார்.

பத்து மணி தாண்டித் தாலி ஏறியது. கெட்டிமேளம் கொட்டியபோது சுமதியின் அம்மா மணைக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலியில் தானும் இன்னொன்றில் மாவுக்கட்டுமாக உட்கார்ந்து, அழுதுகொண்டே அட்சதை போட்டார். எனக்கு யாரையும் தெரியாது. ஆனாலும் அழுதேன். தலையெல்லாம் மரத்தூள், மூக்கெல்லாம் கரி!

அப்புறம் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். போட்டோகிராபர் என் கையிலிருந்த ரம்பத்தைப் பார்த்துத் தயங்கினார். "மேடம், அத்த கொஞ்சம் கீழ வச்சிட்டு நில்லுங்களேன்."

"வேணாம்ணா, இருக்கட்டும். அதுவும் எங்க சொந்தம்தான்" என்றாள் சுமதி.

ஆல்பம் பார்ப்பவர்கள் என்னைப் பெண்ணுக்கு அத்தை, மாப்பிள்ளைக்குப் பெரியம்மா என்று எதையாவது நினைத்துக்கொள்வார்கள். ரம்பம் என்ன முறை என்பதுதான் பிரச்சினை!