அட்டையில் ஏறாத பெயர்

காலை ஒன்பது பத்துக்கு மருமகள் தறிக்கு நூல்தார் சுற்றும் ராட்டையை நிறுத்திவிட்டு, "அத்தை, தண்ணி மாதிரி போவுது" என்றாள். தண்ணீர் இல்லை, ரத்தம். அவளுக்கு எட்டாம் மாதம்.

ஒடிசாவிலிருந்து ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவள். அங்கேதான் என் மகன் அவளைப் பார்த்தான். ஒன்றரை வருடத்தில் எங்கள் தமிழும் தறியும் அவளுக்குப் பழகிவிட்டன. ரேஷன் கார்டில் மட்டும் அவள் பெயர் ஏறவில்லை. அதில் ஏறினால்தான் அரசுக் காப்பீட்டு அட்டையில் சேர்ப்பார்கள். அதற்கு அவள் அம்மா வீட்டுக் கார்டில் பெயரை நீக்கிய சான்று வேண்டும். ஆடியில் மகன் அதைக் கேட்கப் போனபோது நான்தான் தடுத்தேன். எங்கள் கார்டிலிருந்து பெயர் எடுத்தது, இறந்துபோன இரண்டே பேருக்கு: மாமனார், பிறகு என் கணவர்.

"புள்ளத்தாச்சி பேரைப் போயி எடுப்பாங்களாடா? பொறக்கட்டும், பாத்துக்கலாம்."

ஆடி போன பிறகும் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆட்டோவில் பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்குப் போனோம். காப்பீட்டு மேசையில் இருந்தவர் கணினியைப் பார்த்தார்.

"இவங்க பேரே இல்லியேமா."

"என் மருமகப்பா. வயித்துல இருக்குறது என் பேரப்புள்ள."

"அது பேரும்தான் இல்ல. பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்கமா, சொன்னா கேளுங்க."

நான் கேட்கவில்லை. வெளிமாநிலப் பெண் என்று அங்கேயும் கார்டு கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள் என்று நம்பினேன். மகனுக்குப் போன் செய்தேன். அவன் ஒடிசாவில் அவள் அம்மாவின் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து சான்று கேட்டான். ஐம்பது நிமிடம் அந்த மேசை முன்னால் கெஞ்சினேன். பின்னால் நாற்காலியில் அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் போன அரசு மருத்துவமனையில் யாரும் எந்த அட்டையும் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சரோடு ஓடினார்கள். வெளியே வந்த டாக்டரம்மா என் தோளைத் தொட்டு, "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேமா" என்றார். பெண் குழந்தை. அழவே இல்லை.

மூன்றாம் நாள் காலை, ரயிலிலிருந்து நேராக, மருமகள் படுத்திருந்த வார்டுக்கு வந்தாள் அவள் அம்மா. கையில் போன் இல்லாததால் வழியில் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் மடங்காமல் கொண்டுவந்த தாளை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். ரயிலில் யாரிடமோ கேட்டு மனப்பாடம் செய்த தமிழ் போலிருந்தது. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"பேர் எடுத்தாச்சு. பாப்பா பேரும் சேத்து எழுதுங்க."