அடையாற்று பங்களாவில் இரண்டு சமையல்கட்டு

1. கொல்லைக் கடைசியில் ஓர் அடுப்பு

ஓவர்சியராக நான் தனிப்பொறுப்பில் எடுத்த முதல் வேலை அடையாற்றில் ஒரு பழைய பங்களா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து மனை பிரித்து, ஊரே புது வீடு கட்டிக்கொண்டிருந்தது. என் கூட்டாளிகள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். காண்டிராக்டர் என்னைக் கூப்பிட்டு, "நீ ஒண்டிக்கட்டை. அடையாத்துப் பாலத்துக்கு அந்தாண்ட போய் ராத்தங்க வேற எவன் ஒத்துப்பான்?" என்றார். கவுரவமா தண்டனையா என்று யோசிக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

வெள்ளைக்காரன் எவனோ கட்டிவிட்டுப் போன வீடு. உத்திரம் எல்லாம் கரையான். ஹாலுக்குள் வவ்வால் குடித்தனம். அதை வாங்கியவர் சபாபதி முதலாளி. பிறந்தது மயிலாப்பூர், சின்ன வயசிலேயே கப்பலேறி ரங்கூனில் மர வியாபாரம் செய்து முன்னுக்கு வந்தவர். வருஷத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு வந்து லீவுக்குத் தங்க ஒரு வீடு வேண்டும் என்று வாங்கினார். அவருக்கு இது சொந்த ஊர். சம்சாரத்துக்கும் இரண்டு பெண் குழந்தைகளுக்கும் கடல் தாண்டிய அயலூர்.

முதல் நாள் என்னைக் கொல்லைக்கு அழைத்துப் போனார்.

"இதோ பாரு தம்பி. வீட்டுக்குள்ள இருக்கிற சமையல்கட்டு சுத்த சைவம். அதுல ஐயரை வெச்சுச் சமைக்கப் போறேன். கொல்லைக் கடைசியில இன்னொண்ணு கட்டு. அது என் சம்சாரத்துக்கு."

"எதுக்குங்க ரெண்டு?"

அவர் சம்சாரம் மா கின் பர்மாக்காரி. சோற்றோடு ஙாப்பி இல்லாமல் அந்த ஊர்க்காரர்களுக்கு இறங்காது. மீனையோ இறாலையோ உப்புப் போட்டு ஊறவைத்து இடித்த விழுது அது, வாசனை தெருக்கோடிக்கு வரும். மயிலாப்பூரில் இருந்த அக்கா தனகோட்டி அம்மாளோ மீன் என்ற பேச்சே ஆகாதவர். தாயில்லாத சபாபதியைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். தம்பி பர்மாக்காரியைக் கட்டிய சேதி வந்த நாளிலிருந்து அவன் வீட்டில் கை நனைப்பதில்லை என்று சொல்லிவிட்டார்.

"அக்கா இந்த வீட்டுல உக்காந்து ஒரு வாய் சாப்பிடணும் தம்பி. அதுக்குத்தான் இவ்வளவும்" என்றார் முதலாளி. சின்னப் பையன் ஆசைப்படுகிற மாதிரி சொன்னார். கப்பல் கப்பலாகத் தேக்கு அனுப்புகிற மனுஷன்.

எனக்குச் சொன்னதைக் கட்டுவதுதான் வேலை. மத்தியானத்துக்கு மேல் கிழக்கேயிருந்து கடற்காற்று கிளம்பும். அதனால் வடமேற்கு மூலையில் அடுப்பை வைத்தால் வாசனை மதிலைத் தாண்டி வயலுக்குப் போய்விடும். அந்த இடத்தில் கடைகால் தோண்டினோம்.

2. தளம் போட்டது

உத்திரத்தை மாற்றி, மேலே செங்கல் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மெட்ராஸ் தளம் போட்டோம். இப்போது சிமெண்டைக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கு அது தெரியாது. சித்தாள் பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். பாட்டும் அடியும் ஒன்றாகப் போகும். கட்டை எகிறிக் குதிக்க ஆரம்பித்தால் தளம் இறுகிவிட்டது என்று அர்த்தம்.

அஞ்சலை என்று ஒரு சித்தாள். வாய்த்துடுக்கு.

"இன்னா ஓவர்சியரே, இம்மாம் பெரிய ஊட்ல ஒண்டியா கீறியே, பயமா இல்ல?"

"எனக்கென்ன பயம்?"

"பயமில்லாத ஆளு எதுக்கு நாங்க கெளம்பசொல்ல கேட்டாண்ட வந்து நின்னுக்கினு கீறே?"

அவள் கேலிக்குச் சொன்னாள். எனக்கு நெஞ்சில் தைத்தது. நிஜமாகவே தினமும் அவர்கள் பாலம் ஏறும்வரை கேட்டில் நின்றுகொண்டிருப்பேன். தட்டுச் சத்தம் நின்றதும் அந்த வீடு என் மேல் வந்து விழுவதுபோல் இருக்கும். ஒரு பிடி சோறு வடித்து, தின்ன மனமில்லாமல் மூடி வைத்த நாள் உண்டு. அப்பா அம்மா போன பிறகும் அப்படி அழுததில்லை. அந்த வீட்டில் அழுதேன். வெட்கப்பட என்ன இருக்கிறது, அழுதேன்.

அதனால் முதலாளி குடும்பம் கப்பலில் வரும் நாளை அவர்களைவிட நான்தான் அதிகமாக எதிர்பார்த்தேன்.

3. அக்கா வந்தார்

வந்தார்கள். வீடு முழுக்கக் குழந்தைகள் ஓடின. மா கின் அம்மாள் மெலிந்த உடம்பு, சிரித்த முகம். ரங்கூன் தமிழ்க் கடைக்காரர்களிடம் பழகி நன்றாகவே தமிழ் பேசினார். கொல்லைச் சமையல்கட்டைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. ஏன் இவ்ளோ தள்ளி?" என்று மட்டும் கேட்டார். காற்று பற்றிச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

மறுநாள் அக்கா ஜட்காவில் வந்து இறங்கினார். முதலாளி ஓடிப்போய்க் காலில் விழுந்தார். சாப்பாடு முடிந்த பிறகு வந்தால் போதும் என்று சம்சாரத்திடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார். நான் ஹாலில் ஒரு தாழ்ப்பாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார்.

"எங்கடா உன் பொண்டாட்டி?"

"பின்னால... கொல்லையில இருக்காக்கா."

"கொல்லையிலயா? வீட்டு விலக்கா?"

அந்தக் காலத்து வீடுகளில் மாதவிலக்கானால் மூன்று நாள் பெண்கள் கொல்லைப்பக்கம்தான் இருக்க வேண்டும். வீட்டுக்காரி கொல்லையில் இருக்கிறாள் என்றால் அக்காவுக்கு வேறு காரணம் தோன்றவில்லை. முதலாளி அந்தச் சாக்கையே பிடித்துக்கொண்டார். 

"ஆமாக்கா."

அதே நேரம் பின்கட்டு நிலைப்படியில் மா கின் அம்மாள் தட்டில் பழத்தோடு வந்து நின்றிருந்தார். அக்காவை வரவேற்காமல் இருக்க மனசு கேட்காமல் வந்திருக்கிறார். அக்கா திரும்பி உட்கார்ந்திருந்ததால் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அந்த வார்த்தை அவருக்குப் புரிந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டார்.

"சரி, தலைக்குத் தண்ணி ஊத்திக்கட்டும். நாலாம் நாள் வரேன். அவளும் கூட உக்காந்தாதான் சாப்பாடு" என்று சொல்லி அக்கா எழுந்தார். தம்பி சம்சாரத்தோடு ஒரே பந்தியில் உட்காரத் தயாராகத்தான் அவர் வந்திருந்தார். முதலாளிக்குத்தான் அந்த நம்பிக்கை இல்லை.

அன்று சாயங்காலமே பாய், தலையணை, குழந்தைகளின் துணிமணி எல்லாம் மா கின் அம்மாள் கையாலேயே கொல்லைச் சமையல்கட்டுக்குப் போய்விட்டன.

4. நாலாம் நாள்

அக்கா மல்லிகைப்பூவோடு வந்தார். ஹாலில் முதலாளி மட்டும் இருந்தார். "இன்னும் குளிக்கலையா?" என்று கேட்டபடி நேரே கொல்லைக்கு நடந்தார். பின்னால் முதலாளி. அவருக்குப் பின்னால், எனக்கென்ன வேலை என்று தெரியாமல், நான்.

அங்கே குழந்தைகள் பாயில் உருண்டுகொண்டிருந்தன. உலை கொதித்தது. பக்கத்து ஊரூர்க் குப்பத்து மீன்காரி அடுப்படியில் சம்மணம் போட்டு, "இந்தாம்மா, எறா இன்னிக்கி சோக்கா கீது" என்று கதை பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பங்களாவில் நான் பார்த்த ஒரே கலகலப்பான இடம் அது. அக்கா எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்தார். விலக்கானவள் அடுப்பு மூட்ட மாட்டாள், அவருக்குப் புரிந்துவிட்டது.

"சபாபதி, இந்த வீட்டுல நான் சாப்பிடலேன்னா அது என் வீம்பு. கட்டினவளைக் கொல்லையில குடி வெச்சிட்டு எங்கிட்ட பொய் சொன்னியே, அது என்னடா?"



அக்கா புடவைத் தலைப்பால் மூக்கை ஒரு தரம் ஒற்றிக்கொண்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்து ஒரு வாழைப்பழத்தைக் கேட்டு வாங்கி உரித்துத் தின்றார். மா கின் அம்மாளின் தலையில் தானே பூவை வைத்துவிட்டார். "எழுந்து வாம்மா, வீட்டுக்குள்ள போகலாம்" என்றார்.

மா கின் அம்மாள் அசையவில்லை. "நான் வீட்லதான் இருக்கேன் அக்கா. அவருதான் வெளிய இருக்காரு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கப்பல் நாள்வரை அப்படியேதான் போயிற்று. அக்கா தினமும் வந்து கொல்லைப் படியில் உட்கார்ந்துவிட்டுப் போவார். ஹாலில் ஐயர் பரிமாற, முதலாளி ஒற்றை இலையில் சாப்பிடுவார்.

5. இடித்ததும் கட்டியதும்

போகும்போது முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அந்தக் கொல்லைக் கட்டடத்தை இடிச்சிடு. வீட்டுக்குள்ளயே அவ சமைக்கிற மாதிரி பெரிசா ஒண்ணு போடு. காத்து எங்க வேணா அடிக்கட்டும்."

இடித்தேன். உள்ளே இரண்டு அறைகளைச் சேர்த்து, அகலமான ஜன்னலோடு, அந்த அம்மாள் குந்தி உட்கார்ந்து சமைக்க வாகாகத் தாழ்வான அடுப்பு போட்டேன். என் உத்தியோகத்தில் அதைவிட நல்ல சமையல்கட்டு நான் கட்டியதில்லை.

அடுத்த வருஷம் கப்பலிலிருந்து முதலாளி மட்டும் இறங்கினார். "குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம்" என்றார்.  புதுச் சமையல்கட்டைத் திறந்து காட்டினேன். வெகுநேரம் நின்று பார்த்தார். சுவரைத் தடவினார். பிறகு என்னிடம், "நீ சாப்பிட்டியா? வா, ரெண்டு பேருமா உக்காருவோம். இந்த வீட்டுல ஒண்டியா சாப்பிட என்னால முடியலப்பா" என்றார்.

சாப்பிட்டோம். அவர் என்ன பாடுபடுகிறார் என்பது அந்த வீட்டில் மாதக்கணக்கில் ஒண்டியாகச் சோறு தின்ற எனக்குத் தெரியும்.  அதற்குப் பிறகு அவரும் வரவில்லை. வீட்டை வேறு யாருக்கோ கைமாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டுக்கு பிளான் போடச் சொல்லி வருகிறவர் எப்போதும் ஆம்பிளைதான். அவர் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, "அடுப்பு மூட்டப் போறவங்க எங்கே, அவங்களை ஒரு தடவை கூட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லுங்கள். கூட்டிவர மாட்டேன் என்றால் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். நான் அப்படிக் கிளம்பி இருக்கிறேன்.