பிரிக்காத பொட்டலம்

வேளச்சேரியிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். டயரில் காற்று இருந்தது. காலில்தான் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தார் ரோடு ரப்பர் செருப்பைத் தாண்டிச் சுட்டது. ஹேண்டில் பாரில் தொங்கிய பை நிறையப் பொட்டுக்கடலை உருண்டைகள் இருந்தன. பசியில் காது அடைத்தது. ஆனாலும் ஒன்றைக்கூட எடுத்து வாயில் போடவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அதற்குப் பிறகு லாரியில் கிளீனர், கல்யாண சமையலில் எடுபிடி, தி. நகர் துணிக்கடையில் பண்டல் தூக்குவது, கூரியர் என்று போய்க்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில் ஆறு மாதம் இருந்தால் அதிகம். எதையும் கடைசிவரை முடித்த வழக்கமில்லை. சைக்கிள் மட்டும் பிடித்துக்கொண்டது. கே.கே. நகரில் ஒருவர் விற்ற பழைய சைக்கிளில் கூரியர் வேலைக்குப் போகும்போதுதான், நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் இருப்பதே தெரிந்தது. இருநூறு, முந்நூறு, நானூறு, அறுநூறு கிலோமீட்டர் என்று நான்கு ஓட்டம். முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று எதுவும் கிடையாது. குறித்த நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் போதும். நான்கையும் ஒரே வருடத்தில் முடித்தால் ஒரு பதக்கம் உண்டு. தகரம் மாதிரிதான் இருக்கும். எனக்கு அது வேண்டும் என்று தோன்றியது.

சைக்கிள் ஒருமுறை வாங்கினால் முடிந்தது. சாப்பாடுதான் தீராத செலவு. மற்றவர்கள் சின்ன உறையில் வரும் பிசின் மாதிரி ஒரு இனிப்பைத் தின்பார்கள். ஜெல் என்று பெயர். மணிக்கு ஒன்று தின்னச் சொல்வார்கள். அதில் ஒன்று வாங்கும் காசில் நான் ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்டுவிடுவேன். அதனால் எனக்கென்று ஒரு வழி பார்த்துக்கொண்டேன். மயிலாப்பூர் கடையில் உடைசல் பொட்டுக்கடலையும் அச்சு உடைந்த வெல்லமும் மலிவாகக் கிடைக்கும். கடலையை வறுத்து அரைத்து, வெல்லத்தைத் தட்டிப் போட்டு, கல்லுப்பும் சூடான நல்லெண்ணெயும் விட்டுப் பிடித்தால் உருண்டை வெயிலில் இளகாது. தண்ணீர் பாட்டிலில் உப்பும் எலுமிச்சையும் போட்ட வடிகஞ்சி. சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் கறுத்துப்போன வாழைப்பழத்தைச் சீப்பாகவே கொடுத்துவிடுவார்கள். இவ்வளவுதான். பசிப்பதற்கு முன்னால் தின்ன வேண்டும் என்பது ஒன்றே சட்டம். பசித்த பிறகு தின்றால் கால் அதை ஏற்றுக்கொள்வதில்லை. அப்படிக் கால் ஓய்ந்துபோவதை டாங்கி காலி என்பார்கள் எங்கள் ஆட்கள்.

எனக்கு ஜோடியாக ஓட்டியவனைக் கடற்கரைச் சாலையில் ஒரு விடியற்காலையில் சந்தித்தேன். வேளச்சேரியில் பெரிய அடுக்குமாடியில் வீடு, கம்ப்யூட்டர் வேலை, என் ஒரு வருடச் சம்பளத்தைவிட விலை கூடிய சைக்கிள். ஆனால் பந்தா இல்லாதவன். என் உருண்டையை வாங்கித் தின்று பார்த்துவிட்டு அவன்தான் பேச்சை எடுத்தான்.

“ஃபீஸு என்னுது, சோறு உன்னுது. டீலா மச்சி?”

அந்த வருடத்தின் நான்கு ஓட்டத்துக்கும் அவன் எனக்குச் சேர்த்து நுழைவுக் கட்டணம் கட்டினான். நான் இரண்டு பேருக்கும் உருண்டை பிடித்தேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முதல் நாள் கல்யாண சமையலில் கற்றுக்கொண்ட பதத்தோடு உட்கார்ந்து பிடித்து, மணிக்கு இரண்டு என்று தாளில் சுற்றி நூல் கட்டுவேன். நூலைப் பல்லால் அறுத்தால் அவனுக்குப் பிடிக்காதோ என்று பிளேடு வாங்கினேன். இதெல்லாம் யாரும் சொல்லி நான் செய்ததில்லை.

இரண்டு பேர் ஒன்றாகப் போகும்போது ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவன் காற்றை வெட்டுவான், பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்கு மிதி சுலபம். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ள வேண்டும். எங்களுக்குள் அந்த மாற்றல் சீக்கிரமே நின்றுபோனது. முறை வரும்போதெல்லாம் பின்னாலிருந்து அவன் குரல் கொடுப்பான்.

“நான் துன்னுக்கினு வரேன், நீ போய்க்கினே இரு மச்சி.”

சரி, தின்னட்டும் என்று மிதிப்பேன். என் கையால் பிடித்ததைத் தின்று ஒருவன் பின்னால் தெம்பாக வருகிறான் என்ற நினைப்பில் எதிர்காற்றுகூடப் பெரிதாகத் தெரிந்ததில்லை. முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சைக்கிள் அலையும், இரண்டு பேரும் விழுவோம். மூன்று ஓட்டம் அப்படியே முடித்தோம். இருநூறும் முந்நூறும் நானூறும் போக, அறுநூறு மட்டும்தான் பாக்கி.

அறுநூறுக்கு நாற்பது மணி நேரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அடையாறில் கிளம்பி, ஞாயிறு காலை பத்துக்குள் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். என் முதல் நாள் பங்கை நான் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். மீதி இரண்டு பேருக்குமானது அவன் சைக்கிளின் பெரிய பையில் போனது. என் ரூம் சாவியும் அதிலேயே. சனிக்கிழமை ராத்திரி என் ஃபோனில் சார்ஜ் தீர்ந்தபோது அவனே வாங்கித் தன் பவர் பேங்கில் மாட்டி அதே பைக்குள் வைத்தான்.

ஞாயிறு விடியற்காலை அச்சிறுபாக்கம் பக்கம் வந்தபோது இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர் இருந்தது, ஐந்தரை மணி நேரம் இருந்தது. தாராளம். ஒரு பெட்ரோல் பங்க் சுவரோரம் இருபது நிமிடம் படுத்துக்கொள்ளச் சொன்னான். தான் டீ வாங்கி வருவதாகவும், எங்கும் போகாமல் இங்கேயே இருக்கும்படியும் சொன்னான்.

பிரிந்துபோனால் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்பது எங்களுக்குள் இருந்த பேச்சு. விழித்தபோது அவன் இல்லை. நின்றேன். டீக்கடை எதிரிலேயே இருந்தது, அங்கும் இல்லை. விழுந்துகிழுந்து விட்டானோ என்று கொஞ்ச தூரம் பின்னால் போய்ப் பார்த்து வந்தேன். ஒரு மணி நேரம் ஆனது. டீக்கடைக்காரர்தான் சொன்னார், நாலைந்து சைக்கிள்காரர்கள் வேகமாகப் போனார்களாம், இங்கே நின்றவரும் அவர்களோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டாராம்.

சட்டைப் பையில் ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. மற்ற காசெல்லாம் ஃபோனில், ஃபோன் அவன் பையில். இரண்டு பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். செங்கல்பட்டு தாண்டும்போது டாங்கி காலி. அதற்குப் பிறகு மிதித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஓட்டினேன் என்று சொல்ல முடியாது. மேம்பாலங்களில் இறங்கித் தள்ளினேன். அடையாறு வந்து சேர்ந்தபோது மணி பத்து நாற்பது. பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நேரம் குறிக்கும் அட்டையை வாங்கிப் பார்த்தவர் வருத்தமாகத்தான் சொன்னார், நாற்பது நிமிடம் தாமதம், ஒன்றும் செய்வதற்கில்லை என்று. அவன் ஒன்பது மணிக்கே முடித்துவிட்டுப் போய்விட்டானாம்.

சாவி வேண்டுமே. வேளச்சேரிக்குப் போனேன். என் சாமான்களை ஒரு பையில் போட்டு வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்து வைத்திருந்தான். பிரித்துப் பார்த்தேன். சாவி இருந்தது. ஃபோன் முழுக்கச் சார்ஜ் ஏறியிருந்தது. உருண்டைப் பொட்டலங்கள் நான் போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தன. வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

“இன்னா நைனா, இந்தத் தபா உனுக்கே திருப்பிக் குட்த்துட்டாரா? எப்பவும் பொட்டலத்தோட எனக்குத்தான் குடுப்பாரு சாரு. நல்லா கீதுப்பா உருண்டை.”

எப்பவுமா என்று கேட்டேன். மூன்று தடவையும் என்றார். அவர் மேல் தப்பில்லை. ருசித்துத் தின்றவர் அவர் ஒருவர்தான்.

மேலே இன்டர்காமில் கூப்பிடச் சொன்னேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தான்.

“வந்துட்டியா மச்சி? டைம்ல முடிச்சியா?”

“நாப்பது நிமிசம் லேட்டு. இங்கயே இருன்னு சொன்னியே, இருந்தேன்.”



“நாலு பேர் செம வேகமா போய்க்கினு இருந்தாங்க மச்சி. அவங்க பின்னாடி ஒட்டிக்கினேன். உட்டிருந்தா நானும் லேட்டாயிருப்பேன்.”

“உருண்டைய ஏன்டா துன்னல?”

“நல்லெண்ணெ வாசனை ஒத்துக்கல. சொன்னா நீ ஃபீல் பண்ணுவ. எனக்கு ஜெல்லு கீதுல்ல.” பிறகு நல்ல மனதோடுதான் சொன்னான்: “அடுத்த வருசமும் ஃபீஸு நானே கட்டறேன் மச்சி. உருண்டைலாம் வேணாம். நீ முன்னாடி மிதி, அது போதும்.”

ரிசீவரை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு நடந்தேன்.

கோபம் அவன் விட்டுப் போனதில் இல்லை. நானும் பல இடங்களில் சொல்லாமல் கிளம்பியவன்தான். சமையல்காரன் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைக் காற்று மறைக்கும் தட்டியாக வாடகைக்கு எடுத்திருக்கிறான். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் அதற்கும் சம்மதித்திருப்பேன். தலையில் இவ்வளவு வைத்துக்கொண்டு பையிலிருந்ததைத் தின்ன முடியவில்லை. ஒருவன் தள்ளி வைத்த இலை மாதிரி இருந்தது.

அடையாறு பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. பாலம் இறங்கி ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மளிகைக் கடை வாசலில் அட்டை தொங்கியது: மீன்பாடி வண்டி மிதிக்க ஆள் தேவை. முன்னால் பலகையும் பின்னால் சீட்டும் வைத்த அந்த மூன்று சக்கர வண்டியில் இப்போது மீன் போவதில்லை, தண்ணீர் கேன்தான். கடைக்காரர் தெற்கத்தி ஆள். என் காலைத்தான் முதலில் பார்த்தார்.

“கூலி தெனம் சாயந்தரம். சாப்பாடு ஒம் பாடு. மழ, காத்துன்னு சாக்குச் சொல்லப்பிடாது.”

“காத்துக்கும் சேத்துத்தான கூலி, அண்ணாச்சி?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிரித்தார். “காத்துக்கும் சேத்துத்தாம்லே. காலம்பற ஆறு மணிக்கு வா.”

மறுநாள் ஆறு மணிக்குப் போனேன். இருபது கேன் ஏற்றினேன். ஏறி உட்காருவதற்கு முன் ஒரு பொட்டலத்தின் நூலை அறுத்து இரண்டு உருண்டை தின்றேன். நல்லெண்ணெய் வாசனை சரியாகத்தான் இருந்தது. முதல் கேன் மூன்றாவது மாடிக்கு.