ஷூ அத்தை

"விரலை மடக்காதே கண்ணு. ஷூ உன்னைக் கடிக்காது. உள்ள பல்லே இல்லை, வேணும்னா கையை விட்டுப் பாரு."

சொல்லிக்கொண்டே குழந்தையின் பெருவிரல் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறார். புது ஷூவுக்குள் கால் போனதும் குழந்தைகள் விரலைச் சுருட்டிக்கொள்வார்கள். அளவு கச்சிதமாக இருப்பதுபோலத் தோன்றும். வீட்டுக்குப் போய் விரலை நீட்டிய பிறகுதான் வண்டவாளம் வெளியே வரும். அதனால் அவர் அவசரப்பட மாட்டார். "சரி, உங்க வீட்ல யாரு ரொம்ப சத்தமா குறட்டை விடுவாங்க?" என்று கேட்பார். குழந்தை யோசிக்கும். யோசிக்கும்போது விரல் தானாக நீளும். அந்த நொடியில் அமுக்கி அளவைப் பிடித்துவிடுவார். "பதினொண்ணு பத்தாது, பன்னெண்டு எடுங்க!" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, "அப்பாவா குறட்டை? நினைச்சேன்" என்பார்.

வயது நாற்பத்தெட்டு. பதினேழு வருடமாக ஒரே செருப்புக் கடையில், குழந்தைகள் பிரிவில், முட்டி போட்டே நாளைக் கழிப்பவர். முழங்காலுக்கு அடியில் நான்காக மடித்த ஒரு பழைய துண்டு. அதை வேறு யாராவது எடுத்துக் கண்ணாடி துடைத்துவிட்டால் அன்றைக்குக் கடை இரண்டுபடும். கடைக்கு வரும் குழந்தைகள் வைத்த பெயர் 'ஷூ அத்தை'. கூட வேலை செய்கிறவர்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்தவரான கடை முதலாளிக்கும் அவர் அத்தைதான். "எனக்குக் கூடப் பிறந்த அண்ணன் தம்பி ஒருத்தர்கூடக் கிடையாது. ஆனா ஊருக்கெல்லாம் அத்தை. எந்தக் கணக்குல வருதுன்னே தெரியலை" என்று சிரிப்பார்.

ஷூவை எடுத்து வீசும் குழந்தைமீது அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "வீசறது அதோட வேலை. பிடிக்கறதுக்கு ஒரு ஆள் கூட வந்திருக்கணும்ல?" என்பார். அவருடைய வழக்கெல்லாம் அந்தக் கூட வந்த ஆளோடுதான். கதவுக்குப் பக்கத்தில் ஒரு நீள சோபா கிடந்தது. அதன் பின்னால் போன் சார்ஜ் போடும் இடம். அங்கே உட்கார்ந்ததும் பெற்றோர்களின் முகத்தில் ஒரு அமைதி வந்துவிடும். பிள்ளை ஜோடி ஜோடியாகப் பிரித்து வைத்ததையெல்லாம் கலைத்துப்போடும். அடுத்தவர் காலில் பெட்டியைத் தள்ளும். கண்ணாடியில் நாக்கை வைத்து நக்கும். சோபா அசையாது. மிஞ்சிப் போனால் அங்கிருந்து ஒரு குரல் வரும்: "ஏய், சும்மா இரு. அந்த ஆன்ட்டி அடிப்பாங்க, பாரு!"

இதை மட்டும் அவரால் தாங்க முடியாது. லேஸைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்வார். "நான் அடிக்க மாட்டேன் கண்ணு. உங்க அம்மா சும்மா சொல்றாங்க" என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு, அம்மாவிடம் திரும்புவார். "என்னைப் பூச்சாண்டி ஆக்காதீங்கம்மா. நான் பயமுறுத்தினா காலை எப்படி நீட்டும்?"

இவரைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறேனே என்று நினைக்கலாம். நான் அந்தச் சோபாவில் உட்கார்ந்திருந்தவன்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை. கடையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். என் மகளுக்கு ஆறு வயது. எங்கள் முறை வர நேரமாகும் என்றார்கள். அலுவலகத்திலிருந்து ஒரு அழைப்பு. பேசிக்கொண்டே சோபாவில் சாய்ந்தேன். மகள் தட்டுகளிலிருந்து ஷூக்களை எடுத்து, நடைபாதையின் குறுக்கே ரயில்போல வரிசையாக அடுக்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. கைத்தடியோடு வந்த ஒரு பெரியவர் அந்த ரயிலில் இடறினார். அத்தை பாய்ந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நான் போனிலிருந்து வாயை எடுக்காமல், காற்றைப் பார்த்து "சாரி" என்றேன்.

"சார், பாப்பாவைக் கொஞ்சம் பக்கத்துல வெச்சுக்கங்க" என்றார் அத்தை.

"குழந்தைதானே, விளையாடட்டும்" என்றேன். இப்போது எழுதும்போதும் அந்த வாக்கியம் என் குரலிலேயே கேட்கிறது.

இரண்டு நிமிடம் போயிருக்கும். திடீரென்று என் போன் திரைக்கு முன்னால் ஒரு உள்ளங்கை வந்து மறைத்தது. அத்தையின் கை.

"ஒரு நிமிஷம் உங்க பொண்ணைப் பாருங்க சார். நாலாவது படியில நிக்கிறா."

சுவரோரம் உயரத் தட்டுகளிலிருந்து பெட்டி எடுக்கச் சக்கரம் வைத்த ஏணி ஒன்று உண்டு. மகள் அதன் நாலாவது படியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு, மறு கையால் மேல்தட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள். ஏணி மெல்ல உருண்டது. ஓடிப்போய்த் தூக்கினேன். பெட்டிகள் சரிந்தன. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கடை முழுக்க என்னைப் பார்த்தது.

வெட்கம் ஒரு நொடிதான் நின்றது. அடுத்த நொடி அது கோபமாக மாறிவிட்டது.

"என் போனைத் தொட நீங்க யாரு? கஸ்டமர்கிட்ட எப்படிப் பேசணும்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும் சார்" என்றார் அத்தை, குரலை உயர்த்தாமல். "விழுந்ததுக்கு அப்புறம் எப்படிப் பேசணும்னுதான் தெரியாது."

ஷூ வாங்காமலே மகளை இழுத்துக்கொண்டு வெளியேறினேன். டாக்ஸியில் ஏறியதும் போனில் கடையின் இணையப் பக்கத்தைத் தேடிப் பிடித்து ஒற்றை நட்சத்திரம் போட்டேன். 'குழந்தைகள் பிரிவுப் பெண் ஊழியர் வாடிக்கையாளரின் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்' என்று எழுதினேன். பிடுங்கவில்லை, மறைத்தார். எழுதும்போதே எனக்கு அது தெரியும். ஆனாலும் 'மறைத்தார்' என்றால் கோபத்துக்குத் தீனி போதவில்லை.

புது ஷூவைப் போனிலேயே வாங்கினேன். ஆறு வாரம் கழித்து மகள் நொண்டத் தொடங்கினாள். கழற்றிப் பார்த்தால் பெருவிரல் ஓரத்தில் கொப்புளம்.

"இதை ஏம்மா சொல்லலை?"

"விரலை மடக்கி வெச்சுக்கிட்டா வலிக்காதுப்பா" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த ஷூ அத்தை மத்தவங்களுக்கெல்லாம் அமுக்கிப் பார்த்தாங்க. எனக்குத்தான் பார்க்கலை" என்றாள்.

மறுபடியும் அந்தக் கடைக்குப் போனோம். துண்டு கிடக்க வேண்டிய இடத்தில் துண்டு இல்லை. மீசை வைத்த ஒரு விற்பனையாளர் குனியாமல், நின்றபடியே "என்ன நம்பர்?" என்று கேட்டார். அத்தை எங்கே என்றேன். கூரையைக் காட்டினார். அங்கே பெட்டி இறக்குவதற்கு ஒரு சதுரத் துவாரம். அதன் வழியாக இரண்டு கைகள் மட்டும் ஒரு பெட்டியை நீட்டின. "கறுப்பு, பத்து, ஒட்டற பட்டி வெச்சது! பிடிங்க!" குரல் அவருடையதுதான்.

"யாரோ ஒரு புண்ணியவான் நெட்ல எழுதிட்டான் சார். போனைப் பிடுங்கினாங்களாம். ஓனர் பயந்துபோய் அத்தையை மேல ஏத்திட்டாரு. ஜன்னல்கூடக் கிடையாது அங்க. வர்ற பசங்க எல்லாம் அத்தை எங்கன்னு எங்க உயிரை எடுக்குதுங்க" என்றார் மீசைக்காரர், பெட்டியைப் பிடித்தபடி.

அப்படியே திரும்பிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. மகள் மட்டும் அந்தத் துவாரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதலாளியின் மேஜைக்குப் போனேன். "அதை எழுதினது நான்தான். அவங்க பிடுங்கலை. கையால மறைச்சாங்க. என் பொண்ணு ஏணியில இருந்தா. நான் பார்க்கலை. எழுதினது பொய்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதைச் சொல்ல ஆறு வாரம் ஆச்சா சார் உங்களுக்கு?" பிறகு, என்னிடம் சொல்கிறாரா தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாதபடி, "நானும் அவங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

அவர் கூப்பிட்டதும் அத்தை கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். தலைமுடியில் அட்டைத் தூசி. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனால் கண் உடனே மகளின் காலுக்குப் போய்விட்டது. துண்டு இல்லாமலே முட்டி போட்டார். அமுக்கினார்.

"அய்யய்யோ, ஒரு நம்பர் சின்னதுல்ல இது! யாரு வாங்கிக் கொடுத்தது?"

"அப்பா. போன்ல" என்றாள் மகள்.

முதலாளிக்கு இருமல் வந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். எழுதினது தப்பு, அன்றைக்குப் பேசினது அதைவிடத் தப்பு என்று ஏதோ குழறினேன். அத்தை ஷூவைக் கழற்றிவிட்டு, கொப்புளத்தைச் சுற்றி விரலால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு சோபாவுல உங்க மூஞ்சியைப் பார்த்தேன் சார். எனக்கு ரொம்பப் பழக்கமான மூஞ்சி அது. எனக்கே இருந்துச்சு" என்றார்.

மகனுக்கு அப்போது ஐந்து வயதாம். பேருந்தில் முன் சீட்டை உதைத்துக்கொண்டே வந்தான். முன்னால் இருந்த பெண்மணி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "ராத்திரி வேலை முடிச்சு வர்றேன். சத்தம் போட்டா அழுவான், அழுதா இன்னும் அசிங்கம். நமக்கு என்ன வந்துச்சுன்னு உட்கார்ந்திருந்தேன். மூணாவது தடவை அந்தம்மா நேராவே கேட்டுடுச்சு, இது உங்க பையனாங்கன்னு."

தடவிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"இல்லைன்னு சொல்லிட்டேன் சார். வாயில வந்துடுச்சு. அவன் உதைக்கறதை நிறுத்திட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அழக்கூட இல்லை. இறங்கற வரைக்கும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒழுங்கா வந்தான். அவ்வளவு ஒழுங்கா அவன் அதுக்கு முன்னாடி இருந்ததே இல்லை."

பிறகு அத்தையே சிரித்தார். "இப்ப இருபத்தி மூணு வயசு. வேற ஊர்ல வேலை. போன் பண்ணா முதல் கேள்வியே, 'அம்மா, நான் உங்க பையன்தானே? இன்னிக்காவது உறுதியா சொல்லுங்க'ன்னு. படவா!"

அந்த மாலையே அத்தை கீழே வந்துவிட்டார். நான் எழுதியதை அழிக்கவில்லை. அதன் கீழேயே நடந்ததை நடந்தபடி எழுதினேன். முதலாளி சமாதானமாக, "உங்களுக்கு என்ன செய்யணும் அத்தை, கேளுங்க" என்றாராம். சம்பளமோ லீவோ கேட்பார் என்று நினைத்திருக்கிறார். "அந்தச் சோபாவைத் தூக்குங்க" என்றாராம் அத்தை.

தூக்கிவிட்டார்கள். ஏணிச் சக்கரத்துக்கும் ஒரு பூட்டு வந்தது. சோபா இருந்த இடத்தில் இப்போது செருப்புத் தட்டு. பெற்றோருக்குக் குழந்தையின் நாற்காலியை ஒட்டியே ஒரு முக்காலி. உட்கார்ந்ததும் அத்தை ஒரு ஷூவை அவர்கள் கையில் திணித்துவிடுகிறார். "நான் வலது காலைப் பார்க்கறேன், நீங்க இடது காலைப் போடுங்க." ஒரு கையால் ஷூ போட முடியாது. போன் தானாகச் சட்டைப்பைக்குள் போய்விடுகிறது. பெரிய அதிகாரிபோல் இருந்த ஒருவர் தன் மகனின் குதிகால் உள்ளே போகாமல் வியர்த்து விறுவிறுத்து, கடைசியில் போனதும் இரண்டு பேரும் கத்திக் கைதட்டியதைப் பார்த்தேன். எல்லோரும் அப்படி இல்லை. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு லேஸ் கட்டுகிறவர்களும் உண்டு. "பரவாயில்லை, கையாவது வந்துடுச்சு. காது மெதுவா வரும்" என்கிறார் அத்தை.

நான்கு மாதம் கழித்து, அடுத்த அளவுக்காகப் போயிருந்தோம். நல்ல கூட்டம். அத்தை இரட்டைக் குழந்தைகளின் நான்கு கால்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தார். என் பையில் போன் அடித்தது. அதே நேரம், மகள் மூலையில் கழுத்துயரம் அடுக்கியிருந்த பெட்டிகளின் அடிப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து உருவத் தொடங்கினாள். அத்தை அதைப் பார்த்துவிட்டார். லேஸ் முனை கையில் இருக்க, ஒரு முழங்காலைத் தூக்கிப் பாதி எழுந்தார். என் பெண்ணை நோக்கி வாய் திறந்தது.

நான் அதற்குள் எழுந்து மகளை நோக்கி நடந்துகொண்டிருந்தேன்.

அத்தை திறந்த வாயை மூடிக்கொண்டார். தூக்கிய முழங்காலை மறுபடி துண்டின்மேல் இறக்கி, கையிலிருந்த முடிச்சை இழுத்து இறுக்கினார்.