அம்மா எடுத்துக்கொண்ட பழக்கம்

அப்பாவின் அலுவலகத்தில் யாரோ வந்து நலவாழ்வைப் பற்றிப் பேசிவிட்டுப் போக, எங்கள் ஈசூன் அடுக்குமாடி வீட்டைச் சனி பிடித்தது. தினமும் ஒரு சின்னப் பழக்கம், அதை விடாமல் செய்தால் வாழ்க்கையே மாறும் என்று அப்பா அறிவித்தார். ஆளுக்கு ஒன்று. அவர் மின்தூக்கியை விட்டுவிட்டுப் படியேறுவார். நான் காலையில் போர்வையை மடித்து வைப்பேன். அம்மா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

வாரம் முடிவதற்குள் அப்பாவுக்கு முட்டி வலி வந்துவிட்டது. என் போர்வை பழையபடி தரையில் கிடந்தது. அம்மா மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. தேக்காவில் துணிக்கடை வேலை முடிந்து வந்தால் நேரே மேலே வரமாட்டார். காப்பிக்கடையில் தேநீர் வாங்கிக்கொண்டு, எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்த கல்மேசையில் உட்கார்ந்து மெதுவாகக் குடிப்பார். கைப்பேசியைத் தொடமாட்டார், யாரிடமும் பேசவும் மாட்டார்.

தோ பாயோவிலிருந்து அத்தை வந்திருந்த அன்று விவகாரம் முற்றியது. வீட்டில் எல்லாரும் பசியோடு காத்திருக்க, நாலு பேர் பார்க்கக் கீழே உட்கார்ந்து என்ன தேநீர் வேண்டியிருக்கிறது என்று அத்தை ஆரம்பித்தார். அப்பா என்னிடம் சொல்லி அனுப்பினார். உடனே மேலே வர வேண்டும், இந்தக் கூத்து இன்றோடு முடிய வேண்டும். நான் கீழே போய் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன்.

அம்மா அசையவில்லை.

"பழக்கம் வேணும்னு சொன்னது அப்பாதான். இது என் பழக்கம், நிறுத்த மாட்டேன்னு போய்ச் சொல்லு. சோறு குக்கர்ல இருக்கு. போட்டுச் சாப்பிட எல்லாருக்கும் கை இருக்குலா."

இன்று நினைத்தாலும் எழுந்து நின்று கைதட்டத் தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை. அம்மா சொன்னதை அப்படியே போய்ச் சொன்னேன். இரவு ஆளுக்கொரு மூலையில் தட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டோம். எல்லாம் அந்தப் பாழாய்ப்போன தேநீரால்தான் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் மாலை, அம்மா வரும் நேரம் பார்த்து, அதே கடையில் தேநீரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிவந்து குவளையில் ஊற்றி மூடிவைத்தேன். கீழே அம்மாவின் தலை தெரிந்ததும் மாடி நடைபாதைச் சுவரில் தொற்றிக்கொண்டு கூப்பிட்டேன்.

"அம்மா, டீ இங்கயே இருக்கு. மேல வாங்க."

வந்தார். குவளையைத் திறந்து பார்த்துச் சிரித்தார், என் கன்னத்தைத் தட்டினார். பிறகு அதை அப்படியே கொண்டுபோய்ச் செய்தி பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு கீழே கிளம்பினார்.

அதே கடைதானே, அதே தேநீர்தானே, சர்க்கரைகூட அதே அளவுதானே என்று கேட்டபடி மின்தூக்கி வரை நான் பின்னாலேயே ஓடினேன்.